மாறி வந்த சட்டை

1

நாளைக்கு என் மகள் பவளத்துக்கு ஐந்து வயது முடிகிறது. பாயசத்துக்கு முந்திரியும் திராட்சையும் வாங்கி வைத்துவிட்டு, டோபி போட்டுவிட்டுப் போன மூட்டையைப் பிரித்தேன். எங்கள் துணிகளுக்கு நடுவில் யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. கொழும்பில் இது அதிசயமில்லை. ஒரு தடவை எங்கள் போர்வைக்குப் பதிலாக ஒரு பாதிரியாரின் அங்கி வந்தது. என் வீட்டுக்காரர் அதை மாட்டிக்கொண்டு எனக்கும் பிள்ளைக்கும் ஆசீர்வாதம் வழங்கினார். மாறி வந்ததை எடுத்து வைத்து அடுத்த முறை திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இந்தச் சட்டையையும் அப்படி மடித்து வைக்கத்தான் உதறினேன். இரண்டு கக்கத்திலும் சிவப்பு இருந்தது. வெளுத்தும் போகாத சிவப்பு. நடுவில் அடர்த்தியாகவும் ஓரம் போகப் போக ரோஜா நிறமாகவும் இருந்தது. சட்டை என் கையிலிருந்து நழுவிவிட்டது.

ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் வெற்றிலைக் கறையாக இருக்கும் என்பீர்கள். கக்கத்தில் யார் வெற்றிலை போடுகிறார்கள்? சிவப்பு மை, சாயம், துரு என்று எதைச் சொன்னாலும் எனக்கு வேண்டாம். அந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். என் கையாலேயே அதைத் துவைத்திருக்கிறேன்.

மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் நாற்காலியில் கிடந்த சட்டையைப் பார்த்தார். தொடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார். நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதும் அப்படியேதான் நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எந்த வீட்டுல பிள்ளத்தாச்சி இருக்கா?"

கொழும்புக்கு வந்து சேர்ந்த பிறகு நாங்கள் இருவரும் அந்த விஷயத்தைப் பேசியதே இல்லை.

2

தூத்துக்குடியில் அவர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். துணிக்குக் கன்ட்ரோல், சோப்புக்குத் தட்டுப்பாடு, குளிக்க நல்ல தண்ணீருக்கோ எப்போதுமே தட்டுப்பாடு. எங்கள் தெருக் கிணற்றில் ஊறியதைத் தண்ணீர் என்று சொன்னால் உப்பளத்துக்காரர்கள் உரிமை கேட்டு வந்துவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி, வயிற்றில் தங்கிய முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தோடு போய்விட்டன. மூன்றாவது தங்கியபோது வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. என் மாமியார் காசியம்மை அத்தை, தும்மல் வந்தால்கூட முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொள்வார். பேசினால் பிள்ளைக்குக் கேட்டுவிடும், கேட்டால் புறப்பட்டுவிடும் என்று பயந்ததுபோல் நடந்துகொண்டோம்.

எங்கள் பக்கத்தில் மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் கத்தி படக்கூடாது. இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகம் மழிப்பதில்லை, முடி வெட்டுவதில்லை, பாடை தூக்குவதில்லை. மற்ற நாட்களில் நாவிதர் வீட்டுக்கே வந்து முகத்தோடு கக்கத்தையும் சேர்த்து மழித்துவிட்டுப் போவார். செய்தி தெரிந்ததும் அவர் எங்கள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிடுவார். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் கத்திக்கு வேலை.

முந்தின இரண்டு தடவையும் தாடி முள்ளாகக் குத்தும் பருவத்திலேயே எல்லாம் முடிந்து நாவிதர் திரும்பவும் வந்துவிட்டார். அவர் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். இந்தத் தடவை தாடி நெஞ்சைத் தொட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. ஐந்தாம் மாதம் பிள்ளை அசையத் தொடங்கியது. அந்த மாதமே சிவப்பும் வந்தது.

3

முதலில் பார்த்தவள் நான்தான். ஒரு காலையில் அவருடைய பனியனைத் தண்ணீரில் முக்கியபோது வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பாகியது. எங்காவது கீறியிருக்கும் என்று நினைத்து அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன். கீறல் இல்லை, கட்டி இல்லை, புண் இல்லை. தோல் முழுசாக இருந்தது. ஆனால் விரலால் துடைத்தால் விரல் சிவந்தது. துருவும் புளித்த மோரும் கலந்தாற்போல ஒரு வாடை.

"வலிக்குதாங்க?"

"இல்லையே. அரிக்கக்கூட இல்ல."

வலித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வலி இருந்தால் வியாதி. வலியில்லாமல் ஒரு மனிதனிடமிருந்து ரத்தம் வடிந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

வெயில் ஏற ஏறச் சிவப்பும் கூடியது. பனியனிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து தலையணைக்கும் வந்தது. வண்ணார் ஒரு வாரம் எடுத்துப் போனார். மறுவாரம் மூட்டையைப் பிரிக்காமலேயே திரும்பக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்குப் பிறகு நானே துவைத்தேன். கொல்லைக் கொடியில் காய்ந்த பனியன்களில் இரண்டு சிவப்பு வட்டங்கள் எப்போதும் இருந்தன. காற்றில் பனியன் உப்பினால், உள்ளே யாரோ நின்றுகொண்டு கையைத் தூக்குவதுபோல் இருக்கும்.

அத்தைக்கு அதற்கு விளக்கம் இருந்தது. தங்காமல் போன இரண்டு பிள்ளைகளின் கணக்கு அது என்றார். அதனால்தான் இரண்டு கக்கம்.

ஒன்றை மட்டும் நான் கவனித்து வைத்திருந்தேன். நாசரேத்தில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள் நான். அங்கே ரத்தக்கறை துவைத்துப் பழகாத பெண் கிடையாது. ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும், கறுக்கும். இது காய்ந்தாலும் சிவப்பாகவே இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தமில்லை என்றால் பின்னே என்ன என்று கேட்பார்களே.

4

கொழும்பில் நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில், ஒரு சந்துக்குள். அவருடைய சித்தப்பா மகனின் பலசரக்குக் கடையில் அவர் பாதி முதலாளி, முழு வேலையாள். இப்போது அரசாங்கம் எங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறது. எப்போது வந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய். ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு என் வீட்டுக்காரர் வியாபாரம் என்று சொல்லுவார். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்ப்பேன்.

வந்த புதிதில் பாஷையால் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர்ப்பழக்கத்தில் இவர் கடைப் பையனை "வாலே, எடுலே, போலே" என்று ஏவிக்கொண்டிருந்தார். சாமான் வாங்க வந்த ஒரு சிங்களக் கிழவர் திடுக்கிட்டு இவர் கையையும் காலையும் பார்த்தாராம். சிங்களத்தில் லே என்றால் ரத்தம். அன்று மாலை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது இவர் சிரிக்கத்தான் நினைத்தார். சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து கடையில் அந்த லேயை விட்டுவிட்டார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் லே இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

பவளத்துக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. சந்துக் குழந்தைகளோடு விளையாடி விளையாடிச் சிங்களம்தான் அவளுக்கு முதலில் வருகிறது. தண்ணீர் என்று கேட்பதற்குள் வத்துர என்று கேட்டுவிடுகிறாள். கனவில் அவள் முணுமுணுப்பது எனக்குப் புரிவதில்லை. பெற்ற பிள்ளை பக்கத்தில் படுத்துக்கொண்டு புரியாத பாஷையில் யாரோடோ பேசுகிறாள். நான் சில நேரம் அவள் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பேன். திட்டத் தோன்றுவதில்லை. ஒரு காலத்தில் இவள் ஒரு அசைவு அசைந்தால் போதும் என்று கும்பிட்டுக் கிடந்தவள்தானே நான்.

5

உப்பளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உச்சிவெயிலில் அங்கே நிழல் கிடையாது. தரை, குவியல், வானம் எல்லாம் ஒரே வெள்ளை. இவர் ஒரு குவியலின்மேல் ஏறி நின்று, ஓலைப்பெட்டியில் உப்புச் சுமக்கும் பெண்களுக்குக் கையைத் தூக்கி வழி காட்டியிருக்கிறார். சட்டை நனைந்து, முழங்கை வழியாக ஒரு சொட்டு உப்பின்மேல் விழுந்தது. உப்பு அதைக் குடித்துவிட்டு, சிவந்த புள்ளியை மட்டும் மேலே வைத்துக்கொண்டது.

முதலில் பார்த்த பெண் பெட்டியைக் கீழே போட்டாளாம். ஒருவரும் கத்தவில்லை. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வரப்பின்மேல் வரிசையாக ஏறி நின்றுகொண்டார்கள். ஊர் உலகம் வாயில் வைக்கும் உப்பில் மனித ரத்தம் விழலாமா? சாயங்காலம் முதலாளி இவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாள் வீட்டுல இரும்வே. பிள்ள பொறந்து எல்லாம் சரியாவட்டும். பாத்துக்கிடலாம்."

வீட்டுக்கு வந்தவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வேறு ஏதோ இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

"ஏளா, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு" என்றார். "பாத்தித் தண்ணி உறையுததுக்கு முன்னால எப்படி இருக்கும்?"

அளத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயிலில் தண்ணீர் வற்றி வற்றிக் கெட்டியாகும்போது உப்புப் பாத்தி சிவக்கும். சிவந்த பிறகுதான் உப்பு உறையும். சிவப்பு கண்டால் கணக்கப்பிள்ளைக்குச் சந்தோஷம்.

"மொத ரெண்டு தடவையும் செவப்பு வரல. தங்கல. இந்தத் தடவ வந்திருக்கு, தங்கியிருக்கு. இது உறையுத நேரம்ளா. ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

அவர் மனதில் அது அப்படிப் பதிந்துவிட்டது. வேலை போனதைப்பற்றிக் கவலையே இல்லை. காலையில் எழுந்ததும் பனியனைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இன்னைக்கும் இருக்குல்லா?" என்று என்னைக் கேட்பார். ஒரு நாள் வானம் மூடி, வியர்வை இல்லாமல், சிவப்பு வெளிறிப் போனது. இவர் பதறிப்போய், வெயில் எட்டிப் பார்த்ததும் கொல்லையில் போய் நின்றார். வியர்க்க வேண்டுமாம். தாடியும் சடையுமாகக் கண்ணை மூடிக்கொண்டு, கைகள் இரண்டையும் உடம்போடு ஒட்டிவைத்து, வேர்த்து வழிய நின்றார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது என் புருஷனாகத் தெரியவில்லை.

6

டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டார். எனக்கு மூச்சு முட்டுகிறது, துணைக்கு வாருங்கள் என்று கூட்டிப் போனேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு வயதான டாக்டர் இருந்தார். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர், வெகுகாலம் கொழும்பில் வேலை பார்த்தவர். என் நாடியைப் பிடித்தபடியே அவர் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒமக்கு என்னவே? ஏன் கையை இடுக்கிக்கிட்டு நிக்கீரு?"

நான் சொன்னேன். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஈரப் பஞ்சால் ஒரு தடவை துடைத்தார். பஞ்சு சிவந்தது. அதை மேஜைமேல் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, ஒரே ஒரு மயிரை இடுக்கியால் பிடுங்கி, ஜன்னல் பக்கம் போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ வா தாயி. ஒன் வீட்டுக்காரர் ஒளிச்சு வச்சிருக்கிற பாசிமணியப் பாரு."

பார்த்தேன். மயிர் நெடுகச் சின்னச் சின்னச் சிவப்பு மணிகள், கோத்து வைத்தாற்போல ஒட்டிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

"ரத்தமில்ல" என்றார் டாக்டர். "ரத்தம்னா இந்நேரம் பஞ்சு கறுக்க ஆரம்பிச்சிருக்கும். இது கிருமி. பாக்டீரியான்னு சொல்லுதது. மயித்தப் பத்திக்கிட்டு மேலாப்புலயே வளரும், தோலுக்குள்ள எறங்காது. அதாலதான் வலியில்ல, அரிப்பில்ல. வேர்வ அதுல பட்டு நெறத்தக் கரைச்சுக்கிட்டு வருது. சில பேருக்கு மஞ்ச, சில பேருக்குக் கறுப்பு. ஒமக்குச் செவப்பு. கொழும்புல நெறைய பாத்திருக்கேன்."

"இத்தன நாளா ஏன் வரல?" என்று கேட்டேன்.

"நாவிதர் எப்ப கடைசியா வந்தாரு?"

எனக்குள் ஒரு கதவு திறந்தது. மழித்துக்கொண்டே இருந்தவரை கிருமிக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. முந்தின இரண்டு தடவையும் மயிர் வளர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. இந்தத் தடவை பிள்ளை தங்கியதால் மயிர் வளர்ந்தது, மயிர் வளர்ந்ததால் இது வந்தது. இவர் கண்ட சம்பந்தம் பொய்யில்லை. ஆனால் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சுத்தமாக மழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். சோப்புப் போட்டுத் தினமும் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, அவர் கொடுத்த கண்ணெரியும் வாடையுள்ள மருந்தைக் கொஞ்ச நாள் தடவ வேண்டும். பனியனையும் தலையணை உறையையும் கொதிக்க வைக்க வேண்டும். வியர்த்த துணியோடு கிடக்கக்கூடாது.

"கத்தி வைக்கப்படாது டாக்டர்" என்றார் இவர். அங்கே அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு பாத்தி சிவப்பதைச் சொன்னார். பேச்சில் நடுக்கமில்லை. நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

டாக்டர் கேலி செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தியச் செவக்க வைக்கிறதும் கண்ணுக்குத் தெரியாத கிருமிதான்வே, வேற சாதி. கருவாடு செவந்து கெட்டுப் போகுதுல்லா, அதுவும் அந்தக் கூட்டந்தான். ஆனா உப்பு அதாலயா உறையுது? வெயிலால உறையுது. செவப்பு பக்கத்துல நிக்கிது, அவ்வளவுதான்."

இவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். மருந்துச் சீசாவை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

7

நாவிதரிடம் நானே ஆள் அனுப்பினேன். வந்தவர் வாசலைத் தாண்டவில்லை. "எத்தன காலமா ஒங்க வீட்டுக்கு வாரேன் தாயி. பிள்ளத்தாச்சி புருசனுக்குக் கத்தி வச்சு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பழி எனக்கு வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கிருமி என்று தெரிந்ததால் பயம் போய்விடவில்லை. டாக்டர் சொன்னது மூளைக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

அத்தை வேண்டுதலுக்காகத் திருச்செந்தூர் போன அன்று, சவரக்கத்தியையும் வெந்நீரையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். ஏழாம் மாத வயிறு. இவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"போளா உள்ள."

"போறதுக்கு வரல. கையத் தூக்குங்க."

"நின்னு போச்சுன்னா?" அவர் குரல் உடைந்துவிட்டது. "இது நின்னு, உள்ள உள்ளதும் நின்னு போச்சுன்னா நான் என்ன செய்வேன்? எங்கிட்டயிருந்து போற ரத்தம் போகட்டும். அது தங்கட்டும். ஒனக்கென்ன நஷ்டம்?"

எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. அவர் கையைப் பிடித்து என் வயிற்றின்மேல் வைத்தேன்.

"கணக்கப்பிள்ளைக்குப் பாத்தி எதுன்னு தெரியல. இதுதான் பாத்தி. உங்க கக்கமில்ல. இங்க உறையுதது என் ரத்தத்துல. நீங்க ஒண்ணும் வார்க்க வேண்டாம். எம்மேல நம்பிக்க இல்லன்னு சொல்லுங்க, கத்தியக் கீழ வச்சுட்டுப் போயிருதேன்."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். ஒரு கீறல்கூட விழக்கூடாது, அன்றைக்கு உண்மையான ரத்தத்தை அவர் கண்ணில் காட்டக்கூடாது என்பது மட்டும்தான் என் நினைப்பு. மழித்ததையெல்லாம் காகிதத்தில் சுருட்டி அடுப்பில் போட்டேன். மருந்தைத் தடவினேன். புதுப் பனியன் ஒன்றை மாட்டிவிட்டேன்.

பிறகு பிள்ளை அசையவில்லை.

மத்தியானம் சாப்பிட்டால் ஒரு உதை விழுவது வழக்கம். விழவில்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் படுத்தேன், வலப்பக்கம் படுத்தேன். கடற்காற்று நின்று, வேப்பிலைகூட ஆடாத பிற்பகல் அது. இவர் சுவரோரமாக உட்கார்ந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன்.

சாயங்காலம் அத்தை வந்தார். காலையில் இவர் கழற்றிய பனியனைக் கொதிக்க வைத்து நான் கொடியில் போட்டிருந்தேன். பக்கத்தில், அன்று பகல் முழுக்க இவர் வேர்த்து நனைத்த புதுப் பனியன் தொங்கியது. அது முழு வெள்ளையாக இருந்தது. இத்தனை மாதமாகச் சிவப்பைப் பார்த்துப் பயந்தோம். அன்றைக்கு வெள்ளைதான் பயமாக இருந்தது. அத்தை அதன் அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தார். விபூதிப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

"ஏளா, பிள்ள அசையுதா?"

"அசையுது அத்தை" என்றேன்.

விடியற்காலையில் மில் சங்கு ஊதியது. ஊதி முடியவில்லை, உள்ளே தூக்கிவாரிப் போட்டாற்போல ஒரு துள்ளல். விலாவில் ஓங்கி ஒரு உதை. நான் இவர் கையை இழுத்து வைத்தேன். இன்னொரு உதை. அவர் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தாடி முழுக்க நனைந்தது. நானும் அழுதேன். அன்றைக்கு அழுததுபோல் எதற்கும் அழுததில்லை.

பவளம் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அளத்தில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கிருமி போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? உப்பில் விழுந்த அந்தச் சொட்டு வரப்பில் நின்றவர்கள் மனதில் காயாமல் இருந்தது. தூத்துக்குடியில் படகேறியதற்கு அதுதான் காரணம். புறப்படும் முன் வைத்தியப் பரிசோதனையில் கையைத் தூக்கச் சொன்னபோது, இவர் வெள்ளைக்கார டாக்டரைப் பார்க்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைத்தான் பார்த்தார். என் இடுப்பில் பவளம் இருக்கிறாளா என்று பார்த்தபடியே கையைத் தூக்கினார்.

8

இன்று பிறந்த நாள். டோபியிடம் சட்டையில் அவன் போட்டிருந்த மைக்குறியைக் காட்டி எந்த வீடு என்று கேட்டேன். பின்சந்தில் ஒரு மாடி வீட்டைச் சொன்னான். நான் பாயசத்தை ஒரு தூக்குச் சட்டியில் ஊற்றி, சட்டையைக் காகிதத்தில் சுற்றி, புதுக் கவுன் போட்டிருந்த பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்குத்தான் வரும். இந்த விஷயத்துக்கு அது போதாது.

மரப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு சின்னப் பெண். ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்திருந்தாள். வயிறு ஏழு மாதமாவது இருக்கும்.

நேற்று இவர் கேட்ட கேள்வி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இதற்கும் அந்த டாக்டர் ஒரு காரணம் சொல்லுவார். இந்தச் சந்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் பாதி வீட்டில் பிள்ளைத்தாச்சி இருப்பாள் என்பார். இருக்கட்டும்.

அவளுக்குப் பின்னால், உள்ளே, ஜன்னலோரமாக ஒரு இளைஞன் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டியிருந்தன. அந்த இருப்பை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

நான் காகிதத்தைப் பிரித்துச் சட்டையைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. அவள் அதைப் பிடுங்கிக் கதவைச் சாத்தியிருப்பாள். பவளம் இருந்ததால் நின்றாள்.

"பவளம், நான் சொல்லுததச் சொல்லு. எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி இருந்துச்சுன்னு சொல்லு."

பவளம் சொன்னாள். சந்தில் விளையாட்டுக்குக் கூப்பிடும் அதே குரலில் சொன்னாள். உள்ளே இருந்தவன் தலையைத் தூக்கினான். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"லே?"

அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். "லே நெமெய்" என்று பவளம் அழுத்திச் சொன்னாள், ரத்தமில்லை என்று. கிருமி என்பதற்கு அவளுக்குச் சொல் தெரியவில்லை. பூச்சி என்று சொல்லச் சொன்னேன். மழிப்பதற்கும் சொல் தெரியவில்லை. நான் கையைத் தூக்கிக் கத்தி போலச் சைகை காட்டினேன். "அப்பா காலையில கண்ணாடி முன்னால செய்யுதது" என்று அவளே கண்டுபிடித்து விளக்கினாள். சோப்பு, வெந்நீர், நல்ல டாக்டர் எல்லாவற்றையும் சொன்னோம். வலிக்காது, உடனே போய்விடும் என்பதையும் சொன்னோம்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. அவள் கை இடுப்பிலிருந்து வயிற்றுக்கு வந்திருந்தது. கடைசியில் ஏதோ ஒன்று கேட்டாள். என்னிடமல்ல, பவளத்திடம். பவளம் குழம்பிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அப்போ நான் எங்க இருந்தேன்னு கேக்காங்க."

"அப்போ நீ என் வயித்துக்குள்ள இருந்தேன்னு சொல்லு."

பவளம் இதற்கு முன் யாரும் தனக்குச் சொல்லாத அந்தச் செய்தியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் குனிய முடியாமல் குனிந்து, பவளத்தின் கன்னத்தையும் தோளையும் தொட்டாள். புதுக் கவுனின் கையில்லாத தோள் வழியாக அவள் முழங்கையை, மணிக்கட்டை, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

பவளம் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அவசரத்தில் தமிழை மறந்து, எனக்குத் தெரியாத ஒரு சிங்களச் சொல்லால் அதைச் சொன்னாள்.

"ஆமா, அசையுது" என்றேன்.